வார்னிஷ்

மழைக்கு மறுநாள்
லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
மாநகராட்சி ரம்பம் கேட்டால்
குழம்பை இறக்கிவைத்துவிட்டு ஓடுவேன்,
கையில் கோணிப்பை.

விழுந்தது பெரும்பாலும் குல்மோஹர்.
பூவோடு சரி.
தைலமரத்துக்குக் குனியவே மாட்டேன்,
அதில் புகைத்த கறி
சளிக்குத் தேய்த்த மார்பு போல மணக்கும்.
ஒருமுறை சில்வர் ஓக்கைக் கொய்யா என்று நம்பி
நாலு கிலோ பன்றி விலாவை
நாய்க்குப் போட வேண்டியதாயிற்று.
அது முகர்ந்துவிட்டு
என்னைத்தான் பார்த்தது.

பாணஸ்வாடி விறகுத்தொட்டியில்
முனிவெங்கடப்பா இப்போது
என்னைக் கண்டாலே
'ஹசி கட்டிகெ பேடம்மா' என்று
பச்சையைக் காலால் ஒதுக்கிவிடுவார்.
இருந்தாலும் இரண்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன்.
டங் என்றால் காய்ந்தது.
தொப் என்றால்
உள்ளே போன வருஷத்து மழை உட்கார்ந்திருக்கிறது.
சிக்மகளூர் லாரி வரும் வாரம்
காபிச்செடியின் வேர்முண்டு கிடைக்கும்,
கல் மாதிரி கனம்,
எடைபோட்டு வாங்கினால் எனக்கு நஷ்டம்,
வாங்காமலும் இருக்க முடியாது.

மாம்பழக்கூழ் வந்திறங்கிய டிரம் என்னுடையது.
எண்ணெய் டிரம் பாதி விலைக்குத் தருகிறேன் என்றான்,
வேண்டாம் என்றேன்.
முதலில் கரி.
கறுப்பின்மேல் சாம்பல் பூக்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
பிறகு முஷ்டியளவில் இரண்டு துண்டு.
மூன்றாவது பேராசை.
முதலில் வெள்ளையாகக் கொப்பளிக்கும்,
குடித்துவிட்டு வந்து சத்தியம் செய்பவன் மாதிரி.
அந்தப் புகையை நம்பி எதையும் உள்ளே தொங்கவிடக் கூடாது.
கீழ்த்துளையை விரல்கடை திறந்துவிட்டால்
மெல்ல மெலியும்.
நீலமாகும்.
இருக்கிறதா இல்லையா என்று
வெயிலில் சாய்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.
அப்போதுதான் கொக்கியை எடுப்பேன்.

எதிர்மாடி பெஞ்சிலா
ஈரப் புடவையைக் கொடியில் தள்ளித் தள்ளிப் போட்டபடி
என் ஏழு தலைமுறையையும் திட்டுவாள்.
சாயங்காலம் கிண்ணத்தோடு வருவாள்,
ஓரத்துக் கருகல் தனக்கு என்பாள்.

மே மாதம் தீர்ப்பு வந்தது.
நகை எனக்கு, ஸ்கூட்டர் அவருக்கு.
கட்டிலை யாரும் கேட்கவில்லை.
சிவாஜிநகரில் ரோஸ்வுட் என்று சொல்லி
பன்னிரண்டு தவணையில் அவர் வாங்கியது.
நானும் பெஞ்சிலாவும் மாடிக்கு ஏற்றினோம்,
திருப்பத்தில் சுவர்ப்பூச்சு பெயர்ந்தது.
கோடாரியோடு நின்றேன்.
கணக்கும் போட்டு வைத்திருந்தேன்:
நாலு கால், ஒன்பது சட்டம்,
துண்டு போட்டால் இரண்டு மாத ஞாயிறுகள்.
அதன் புகையில் ஆறு மணி நேரம் ஒரு விலாவைத் தொங்கவிட்டு
பெயர் தெரியாத யாரோ
விரலை நக்கிச் சாப்பிடப் பார்க்க வேண்டும்.

பழக்கதோஷம்,
வெட்டுமுன் நகத்தால் காலைக் கீறினேன்.
நகக்கண்ணில் பழுப்புப் படலம்.
வார்னிஷ்.
அதற்கும் அடியில்
சாயமேற்றிய ரப்பர் மரம், வெளிறி.

பூச்சு ஏறிய மரத்தை
உணவுக்கு அடியில் வைக்கவே கூடாது.
இது நானே வாங்குகிறவர்களிடம் சொல்வது.
'ஒன்பது வருஷம், புகைக்குக்கூட ஆகவில்லை' என்று
சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
எதிர்மாடியில் பெஞ்சிலா சிரித்தாள்.
எனக்கு அப்புறம்தான் வந்தது.

முந்தாநாள் ராத்திரி மறுபடி காற்று.
காக்ஸ் டவுனில் ஒரு கொய்யா
மதிலோடு சாய்ந்திருந்தது,
வழுவழுவென்று, அங்கங்கே பட்டை உரிந்து,
சந்தேகமே இல்லாத கொய்யா.
நாலு கோணி, இரண்டு ஆட்டோ.
ஆறு மாதம் காய வேண்டும்,
தரை ஈரம் ஏறாமல்,
அடியிலும் காற்று ஓட.

கட்டிலைத் தார்ப்பாய்க்குக் கீழே இழுத்துப் போட்டேன்.
வெட்டுமுகம் வெளியே தெரிய
ஒவ்வொன்றாக அடுக்கினேன்.
நடுச்சட்டம் ஒருமுறை கிறீச்சிட்டது,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
ஆனால் தாங்குகிறது.

இன்றைக்கு ஆர்டர் மூன்று கிலோ விலா, ஒரு வஞ்சிரம்.
மீனுக்கு மாங்கட்டை போதும்.
விலாவுக்குக் காபிமுண்டு இரண்டை எடுத்துத்
தட்டுகிறேன்.
டங்.