யாரிவன்

மகாபே, மூன்றாம் மாடி. மணி மூன்று பத்து.
இயந்திரங்களுக்காக வைத்த குளிரில்
சால்வைக்குள் நான்.
கூட்டுறவு வங்கியின் கதவை ஒருவன் தட்டுகிறான்,
நிமிடத்துக்கு நாற்பது முறை.
ரூட் என்கிறான், அட்மின் என்கிறான்,
டெஸ்ட் என்கிறான்,
ஒருமுறை கணேஷ் என்றும் சொல்லிப் பார்த்தான்.
இந்த ஊரில் அதற்குத் திறக்கும் கதவுகள் உண்டு.
எங்களுடையது திறக்கவில்லை.

கறுப்புத் திரையில் கேட்கிறேன்: ஹூயிஸ்.
இரண்டு ஆங்கிலச் சொல், நடுவில் வெளி கிடையாது.
யார், இவன் இரண்டும் ஒட்டி
யாரிவன் ஆகிற மாதிரி.
பின்னால் அவன் எண்,
203.0.113.77.
என்டர்.

கேள்வி நாற்பத்து மூன்றாம் எண் வாசலில் புறப்பட்டு
விடிந்துவிட்ட பிரிஸ்பேன் வரை போய்
என் கொட்டாவி முடியுமுன் திரும்பிவிட்டது.
முதலில் சதவீதக் குறியிட்ட எச்சரிக்கைகள்,
பத்திரத்தின் பின்பக்கம் போல யாரும் படிக்காதவை.
அதன் கீழே பட்டா:
இருநூற்று ஐம்பத்தாறு மனை, ஒரே வரிசையில்.
நாடு, இந்தியா.
தெரு, அந்தேரி கிழக்கு, ஒரு சினிமாக் கொட்டகைக்குப் பின்புறம்.
பொறுப்பாளர், ஹேமல் வோரா.
கடைசியாகத் திருத்திப் பதின்மூன்று வருஷம்.

புகார்ப் பெட்டிக்கு எழுதினேன்.
போன வேகத்தில் திரும்பியது,
அப்படியொரு பெட்டியே இல்லையாம்.
பட்டா ஒருவன் பேரில், அனுபோகம் இன்னொருவனுக்கு.
நிலத்தில் மட்டும்தான் இது நடக்கும் என்றிருந்தேன்.

மிச்சம் ஒரு தொலைபேசி எண்.
அழைக்க வேண்டுமென்று விதியில்லை.
ஒற்றை வரியில் தடுத்துவிட்டால்
அவன் தட்டிக்கொண்டே இருப்பான், எனக்குக் கேட்காது.
ஆனால் பெயர் என்று ஒன்று இருந்ததே.

இரண்டாம் மணியில் எடுத்தார். பின்னால் லாரி உறுமல்.
"ஹேமல் பாய்?"
"இல்லை. சோபான் கோர்படே. வாஷி மார்க்கெட், வெங்காயம்.
ஆறு வருஷமாக இந்த நம்பர் என்னுடையது."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"இரு, இரு. இன்றைக்கு என்ன செய்தான்?"

எனக்கு முன்பே அழைத்திருக்கிறார்கள்.
ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா,
புனேயிலிருந்து போலீஸ்,
மொழி புரியாத ஒருவர்,
அழுதாரா திட்டினாரா தெரியவில்லை என்றார்.

"கதவைத் தட்டுகிறான்" என்றேன், என் அரைகுறை இந்தியில்.
"கடன் கொடுத்தவனா?"
"யாரென்று தெரியவில்லை. அதைத்தான் கேட்டேன்."
"சரி, நிறுத்தச் சொல்கிறேன்"
என்றார், தராசுப் பையனிடம் சொல்கிற குரலில்.
மூட்டை ஒன்று தொப்பென்று விழுந்தது.
"நீ யாரம்மா?"
வங்கியின் பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன்.
"அது சரி. நீ?"
தாட்சாயணி என்றேன்.
தாட்சா வரை வந்துவிட்டு
மீதியை லாரிக்காரனிடம் கத்தப் போய்விட்டார்.

மூன்று இருபத்தொன்றுக்கு ஒரு தட்டு.
அப்புறம் இல்லை.

தற்செயல்தான்.
தட்டுகிறவர்கள் அடுத்த தெருவுக்கு நகர்வது வழக்கம்.
டிக்கெட்டில் எழுதினேன்:
தொடர்பு கொண்டேன். நின்றுவிட்டது.
இரண்டும் உண்மை.
நடுவில் வெளி விட்டே எழுதினேன்.

விடிய நேரமிருந்தது.
எங்கள் எண்ணைக் கொடுத்து
எங்களையும் கேட்டுப் பார்த்தேன், யாரிவன் என்று.
பொறுப்பாளர், மனோகர் தேவ்தர்,
ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் காசு போட்டுக்
கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம்.
தொலைபேசி, தாதரில் பழைய கட்டடத்து லேண்ட்லைன்.
கட்டடம் இருந்த இடத்தில் இப்போது தகர வேலி.

அடித்தேன்.
மணி போகிறது.
எந்த அறையில் என்று தெரியாமல்
வெகுநேரம் காதில் வைத்திருந்தேன்.