பதினொரு மில்லிமீற்றர்

கிருலப்பனைக் கால்வாயோரம்
குப்பை கொட்டாதீர் பலகைக்குப் பின்னால்
யாரும் நடாமலே நிற்கிறது அது.
கொத்துக் கொத்தாய் நிமிர்ந்த மஞ்சள் பூ.
நிரோமி எத்தோர என்றாள்.
நான் வண்டுகொல்லி என்றேன்.
காவலாளி கேட்டார்: ஆட்டுக்கோ?
ஓமெண்டு தலையாட்டிவிட்டு
இரண்டு கிலோ இலை பறித்தோம்.

நிழலில் ஒன்பது நாள்.
பிறகு அரைத்து, எதனோலில் ஊறவைத்து,
வடித்து, வற்றவைத்து
அடியில் மிஞ்சியது தார்போல ஒரு கரண்டி.
அத்தனை பச்சையும் சுருங்கியது,
மணம் சுருங்கவில்லை.
நூற்று நாற்பத்தொன்று பஸ்ஸில்
பக்கத்துச் சீட்டுக்காரி
மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள்.

மாதிரி இலக்கம் இருபத்தேழு:
பேலியகொடை மீன்சந்தையில் ஐஸ் உடைக்கிறவர்.
பெயர் எழுதக்கூடாது. எழுதவில்லை.
சாரத்தின் முடிச்சு இறுகும் இடத்தில்
வட்டமாய், ஓரம் சிவந்து, நடு வெளுத்து
படர்தாமரை.
இதற்கு இந்தப் பெயர் வைத்தவர்
ஒருநாளும் சொறிந்திருக்கமாட்டார்.
அல்லது ஆசைதீரச் சொறிந்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டிருந்த
அந்த ஒரு நிமிடத்தில் வைத்திருப்பார்.

பாமசியில் கேட்டவுடன் கொடுத்த கிறீமை
மூன்று மாதம் பூசினாராம்.
கடி நின்றதாம். தாமரை நிற்கவில்லையாம்.
அந்தச் சின்னக் குழாய்க்குள்
எரிச்சலை ஊமையாக்கும் மருந்தும் இருந்திருக்கிறது;
சத்தம் போடாமல் அது
தொடைவரை இறங்கியிருந்தது.

"இலை மருந்தெண்டால்
பக்கவிளைவு இல்லைத்தானே, மிஸ்?"

அரளியும் இலைதான் என்றேன்.
சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

அவர் இடுப்பிலிருந்து சுரண்டிய செதில்
ஏகாரில் வேர்பிடித்தது.
பத்தாம் நாள் மேலே பஞ்சு;
கிண்ணத்தைத் திருப்பினால் அடியில்
வைன் கொட்டியதுபோல் ஒரு சிவப்பு.
வடிவு. அந்தச் சொல்லை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

புதுக் கிண்ணங்களில் அதை விதைத்து
மூன்று துளை போட்டு
ஒன்றில் கடைமருந்து, ஒன்றில் எங்கள் கறுப்பு,
ஒன்றில் வெறும் எதனோல்.
காத்திருந்தோம்.
அதற்குள் நிரோமி ஆர்வக்கோளாறில்
கொஞ்சத்தை வாசலினில் குழைத்துப் பார்த்தாள்.
களிம்பு வரவில்லை, களிமண் வந்தது.
அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில்
ஒரு மஞ்சள் கறை
மூன்று தரம் தோய்த்தும் அங்கேயே.

கடைமருந்தைச் சுற்றிப் பங்கசு
தன்பாட்டில் வந்து துளையின் விளிம்பில் குந்தியிருந்தது.
துளையின் அகலமே ஆறு மில்லிமீற்றர்,
ஆகவே ஆறு. ஆகவே ஒன்றுமில்லை.
எங்கள் துளையைச் சுற்றியோ
வேலி கண்டதுபோல் நின்றுவிட்டது;
நடுவில் தெளிந்த வட்டம்.
பதினொன்று!
நிரோமி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.
கையுறையோடு. இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

பிறகுதான் மூன்றாம் துளையை அளந்தேன்.
வெறும் எதனோல்: ஒன்பது.

அளவுகோலைத் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.
ஒன்பது.

அப்படியென்றால் இலையின் பங்கு இரண்டு.
இரண்டு கிலோவுக்கு, ஒன்பது நாளுக்கு,
பஸ்ஸில் எழும்பிப்போன அந்தப் பெண்ணுக்கு
இரண்டு.
கலாநிதி விஜேதுங்க கொப்பியைப் புரட்டிப் பார்த்து
"மூன்றையும் எழுது" என்றார்,
"வேறு கரைப்பானில் திரும்பச் செய்."
குரலில் ஏமாற்றமும் இல்லை, ஆறுதலும் இல்லை,
மத்தியானச் சாப்பாட்டு அவசரம் இருந்தது.

இருபத்தேழாம் இலக்கத்தை
பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அனுப்பினோம்.
புதன் காலை, ஆறு மணிக்கே நம்பர் எடுக்கவேணும்.
ஐஸ் வேலை முடிவதும் ஆறு மணிக்குத்தான்.
கடிதத்தைச் சாரத்து முடிச்சில் செருகப் போனவர்
நினைத்துப் பார்த்து
சட்டைப் பைக்குள் வைத்தார்.

அடுத்த சனி மறுபடி கால்வாய்.
பூ உதிர்ந்து
சிறகு வைத்த காய்கள் தொங்கின.
"ஆடு சாப்பிட்டுதோ?" என்றார் காவலாளி.

கொஞ்சம், என்றேன்.
இன்னும் சரியாய்த் தெரியாது.