பூட்ஸ் அருகே

எங்குரே ஏரி, லாத்வியா. மார்ச் மாதம்.
பனிக்கட்டி ஓரத்தில் மட்டும் இளகியிருந்தது.

மறைப்புக் கூடாரத்துக்குள் ஒன்பதாம் நாளாக
விஸ்மா.
இருமலை விழுங்கி, கால் மரத்து,
ஒற்றைக் கண்ணாய்ச் சுருங்கியிருந்தாள்.
நாணலுக்குள் பன்றிக்குட்டி வீறுவதுபோல் ஒரு குரல்.
அவ்வளவுதான் கானாங்கோழி.
ஒரு தண்டு அசையும். லென்ஸ் திரும்பும்.
காற்றாக இருக்கும்.

அந்தப் பக்கம் ஓயார்ஸ்
கூரைக்கு நாணல் அறுத்துக்கொண்டிருந்தான்.
ரேடியோவில் எங்கோ ஒரு ஹாக்கி ஆட்டம்,
வாயில் வசவு,
கட்டுகள் தொப்புத் தொப்பென்று விழுந்தன.

"அந்தச் சிவப்பு மூக்குக்காரியா?
தினமும் வருகிறாளே, அறுத்த இடத்தில் புழு பொறுக்க.
நேற்று என் பூட்ஸ் மேலேயே ஏறினாள்.
நீ அசையாமல் பார்க்கிறாய்.
அசையாமல் பார்ப்பது நரி."

மறுநாள் கூடாரத்தை மடித்துவிட்டு
அவனோடு கட்டுக் கட்டினாள்.
கேமரா கழுத்தில் கிடந்து ஆடியது.
ரேடியோவில் யாரோ கோல் போட,
குனிந்த வாக்கில், பார்க்காமலே
இடுப்பருகிலிருந்து ஓர் அமுக்கு.

படத்தில் முக்கால்வாசி பூட்ஸ்.
ஓரத்தில் சிவந்த அலகு,
சாம்பல் மார்பு, தூக்கிய ஒரு கால்,
கவனமெல்லாம் புழுவின் மேல்.

ஓயார்ஸ் வெகுநேரம் பார்த்தான்.
"சொல்லியிருந்தால்
துடைத்திருப்பேனே."