இலக்கத் தகடு

கடலோரம் பழைய கார் வைத்திருப்பவள்
கறளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள்:
சனிக்கிழமை நான் சுரண்டுவேன்,
மிச்ச ஆறு நாளும் அது தின்னும்.

பாலையூற்றில்
பின்சீற்றில் கோழி அடைகிடக்க
வாங்கினேன் இந்த ஹில்மனை.
முட்டைக்குத் தனி விலை என்றார் டொரின் அக்கா,
சிரிக்காமல்.
ஐம்பத்தேழாம் ஆண்டு வண்டி.
ஸ்டியரிங் கழுத்தில் கியர்.
தரைத்தகட்டில் என் தலை போகும் ஓட்டை,
குனிந்து பார்த்தால் குப்பைமேனி.

கச்சேரியில், காணிக்கிளையில் எனக்கு வேலை.
யாருடைய வேலி யாருடைய வளவுக்குள் என்று
நாள் முழுக்கக் கோப்புப் புரட்டிவிட்டு
பின்னேரம் வந்து காருக்கு அடியில் படுப்பேன்.
அங்கே ஒருவரும் மனு நீட்டுவதில்லை.
ஓயில் மட்டும் நெற்றியில் சொட்டும்.
அதுவும் முறைப்பாடுதான்,
ஆனால் இடத்தைக் காட்டும்.

கிண்ணியாவிலிருந்து இஸ்ஸதீன் வருவார், காஸ் சிலிண்டரோடு.
பாலம் வந்தபிறகு சாட்டுச் சொல்ல வழியில்லையாம்;
முந்தியென்றால் பாதை ஓடவில்லை என்று படுத்திருக்கலாமாம்.
"பழசைத் தொட்டால் தூளாகுது, எதில ஒட்டுறது?"
நல்ல இரும்பு வருமட்டும் வெட்டினோம்.
கதவடி வரைக்கும் வெட்டினோம்.

பதிவுப் புத்தகத்தில் ஏழு பெயர்.
முதலாவது கனகசூரியம், வீதி ஓவர்சியர்.
பிறகு ஒரு சில்வா, பிறகு டொக்யாட் ரேகல்.
பூச்சைச் சுரண்டச் சுரண்ட ஆள் மாறினார்கள்:
சிவப்பு, பச்சை, அதற்கும் கீழே
போர்க்கப்பல் சாம்பல்.
டொக்யாட்டில் பெயின்ற் காணாமற்போன ஒரு கிழமையை
ஆதாரத்துடன் கண்டுபிடித்தேன்.
அடியில், பொனற்றின் உள்விளிம்பில்
நகமளவு கிறீம்.
அசல் என்று குறித்துக்கொண்டேன்.
நிறத்தில் அது சுலபம்.

பிறகு பின் இலக்கத் தகடு.
எமரித் தாளை நனைத்துத் தேய்த்தேன்.
எண்ணுக்கு நடுவே சிங்கள ஸ்ரீ.
அது போக, தார்.
மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் துடைக்க,
கை நடுங்காத ஒருவர் எழுதிய
தமிழ் ஸ்ரீ. வால் கொஞ்சம் நீளம்.
அதற்கும் அடியில்
முதல் முதல் எழுதிய சிங்கள ஸ்ரீ,
வயிறு பெருத்து, ஒன்றும் தெரியாததுபோல்.

இஸ்ஸதீன் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"இதையும் அசலாக்கப் போறியளோ?"

எந்த மாதத்து அசல்?
தார் பூசியது ஆர்?
தெருவில் மறித்தவர்களா,
மறிக்கமுன்னம் பயந்த கனகசூரியமேதானா?
ஓவர்சியர் வளவில் தார்ப்பீப்பாய்க்குக் குறைவிருக்காது.
பூசிய கை இடமும் வலமுமாய் அவசரப்பட்டிருக்கிறது.
தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக் கிடந்தது.
பிடுங்கப் போய், விட்டுவிட்டேன்.

சட்டப்படி புதுத் தகடு எழுதுவித்துப் பூட்டினேன்.
பழையது டிக்கிக்குள், ஸ்பெயார் வீலுக்குக் கீழே.

முதல் ஓட்டம் உட்துறைமுக வீதியால்.
மூன்றாம் கியர் மாட்டேன் என்றது.
கோட்டை வாசலில் மான் ஒன்று வந்து நின்று
பம்பரில் உப்பை நக்கியது.
கோர்ன் வேலையில்லை.
அது முடிக்குமட்டும் காத்திருந்தோம்,
பின்னால் ஓட்டோக்காரர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏசினார்.

திரும்பி வரும்போது, பள்ளம் விழுந்த இடங்களில்
டிக்கிக்குள் தகரத்தில் தகரம் மோதியது.
"என்னவோ லூஸ்" என்றார் இஸ்ஸதீன்.
தெரிந்துதான் சொன்னாரோ தெரியாது.

ஒரு பழந்துணி சுற்றினால் போதும்.
இன்னும் சுற்றவில்லை.
வாற சனி றேடியேற்றர்.