பதினோரு குப்பிகள்

ஜூன் மாதம் எங்கள் மலையில் பனிக்காலம்.
உறைந்தால் வீண், வெதும்பினாலும் வீண் என்று
சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
பெட்டியைப் போர்வைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டேன்.
பார்ப்பவர்களுக்கு எட்டு மாதம்.
உள்ளே பதினோரு பேரின் கோழை,
மூடிக்கு மூடி ஒரு பெயர், ஒரு தேதி.

பிள்ளைகள் என்னைக் கண்டதும்
"துப்பல்காரி" என்று மூக்கைப் பொத்துகிறார்கள்.
பொத்தட்டும்.
குதிரைக்கும்தான் பட்டப்பெயர்: செஃபாக்கோ,
எங்கள் மொழியில் ஆலங்கட்டி.
அது கோபித்துக்கொண்டதில்லை.

பதினோராவது குப்பி மொய்கெட்சியுடையது.
பத்தொன்பது வருஷம் வெல்கோம் சுரங்கத்தில்
பூமிக்கடியில் இறங்கி ஏறிய ஆள்,
ஒரு குப்பியில் கோழை துப்ப வெட்கப்பட்டான்.
முதலில் வந்தது வெறும் எச்சில்.
"இது வாயிலிருந்து. நெஞ்சின் அடியிலிருந்து வேண்டும்" என்றேன்.
"அடியிலா?
அங்கே தென்னாப்பிரிக்கா இருக்கிறது" என்றான்.
சிரித்தான். சிரிப்பு இருமலாகி,
இருமல் அவனை மண்டியிட வைத்து,
அப்புறம்தான் வந்தது,
கட்டை விரல் நகத்தளவு.
நஷ்டஈட்டுக்கு எழுதிப் போட்ட காகிதம்
நாலு வருஷமாக எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது.

செங்கு ஆறு குதிரையின் நெஞ்சைத் தொட்டது.
பெட்டியைத் தலைக்குத் தூக்கினேன்.
கால்விரல்கள் எனக்கு இருந்தனவா என்பது
அக்கரையில்தான் தெரிந்தது.

மதியம் மூன்றரைக்கு ஆஸ்பத்திரி.
மிஷின் நன்றாக இருக்கிறது என்றாள் லினேயோ.
கரண்டும் இருக்கிறது, அதிசயமாக.
கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது.
திங்கட்கிழமை லாரி வரலாம்,
பாதை உறையாமல் இருந்தால்.
கோபித்துப் பேச முகத்தைத் தேடினேன்.
கிடைத்தது அவள் முகம்தான்:
தூங்காத கண், சாயம் போன ஸ்வெட்டர்,
எனக்காக ஊற்றி வைத்த தேநீர்.
குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி
வெளிச்சத்தில் பார்த்து ஃப்ரிட்ஜில் அடுக்கினாள்.
பத்தோடு நின்றாள்.
"இது கசிந்திருக்கிறது, எடுக்க முடியாது.
மறுபடி வாங்கி வா."

மறுபடி.
ஏழு மணி நேரம் மேலே,
ஏழு மணி நேரம் கீழே,
நடுவில் ஒரு மனிதனின் நெஞ்சு.

அவன் வாசலில் ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது.
ஒரே வட்டக் குடிசை, ஒன்பது பேர்,
குளிருக்கு ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தார்கள்.
சாக்கை எடுங்கள், காற்று வரட்டும் என்று
மாதாமாதம் சொல்கிறேன்.
காற்றோடு வருவது என்ன என்று
எனக்கும் தெரியும்; நானும் இந்த மலையில்தான் தூங்குகிறேன்.

"மிஷின் என்ன சொன்னது?"
ஆறு பெருகியது, மூடி தளர்ந்தது, லாரி வரவில்லை
என்றெல்லாம் வழியெங்கும் ஒத்திகை பார்த்திருந்தேன்.
"இன்னொரு தடவை" என்றேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
குப்பியை வாங்கிக்கொண்டு
தொழுவத்துக்குப் பின்னால் போனான்.

நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு
எதிர்மலையைப் பார்த்து நின்றேன்.
இருமும் ஆளைப் பார்க்கக் கூடாது.
அப்போது பையில் ஏதோ அசைந்தது.
அவன் மனைவி. கேட்காமலே
ஒரு வெற்றுக் குப்பியை எடுத்துக்கொண்டு
குடிசையின் மறுபக்கம் நடந்தாள்.
அவள் பெயர் என் பட்டியலில் இல்லை.
அவள் இருமி நான் கேட்டதும் இல்லை.
இத்தனை மாதம் எங்கே வைத்து இருமினாள்?

தொழுவத்திலிருந்து ஒரு இருமல்.
சுவருக்கு அப்பாலிருந்து ஒன்று.
செஃபாக்கோ காதை இருபக்கமும் திருப்பியது.

அவள் திரும்பி வந்து குப்பியை நீட்டினாள்.
மூடியை என் போர்வையில் துடைத்தேன்.
எழுத வந்த பேனா நின்றது.
மூத்த மகன் பெயரை வைத்து
மாதெபோஹோ, தெபோஹோவின் அம்மா,
என்றுதான் ஊரே அவளைக் கூப்பிடும்.
மூடிக்கு அது செல்லாது.
"அக்கா, உங்கள் சொந்தப் பெயர்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"புசெலெட்சோ" என்றாள்,
யாருடையதோ போல.
மூடி சின்னது.
கடைசி எழுத்து ஓரத்தில் வழிந்து
குப்பியின் பக்கவாட்டில் இறங்கியது.