சந்தேகம் வந்த பருப்பு

களியக்காவிளைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால்
அண்டியாபீஸ், கிரேடிங் ஷெட், மூன்றாம் மேசை.
என் வேலை நிறம் பார்ப்பது.
பவுண்டுக்கு முந்நூற்று இருபது விழும் பருப்பு இந்தக் கூடை,
இருநூற்று நாற்பது அந்தக் கூடை,
சூடு தின்று வெண்மை கெட்டது காலடிப் பெட்டி.
பத்தொன்பது வருஷத்தில் அளவு விரலுக்கே தெரியும்.
நிறம் விரலுக்குத் தெரியாது.

பழைய குழல்விளக்குகள் உறுமும்.
மழைக்காலத்தில் சுவிட்சைத் தட்டினால்
எரியவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எரியும்.
மேசைக்கு மேசை ஒரு மஞ்சள்.
ஆனால் வடக்கே ஜன்னல் இருந்தது.
பதினொரு மணிக்கு அதில்
ரப்பர் மரங்களின் பச்சை கொஞ்சம் கலந்து வரும்.
அதையும் கழித்துப் பார்க்கப் பழகியிருந்தோம்,
சாக்கின் எடையைக் கழிப்பதுபோல.

சித்திரையில் பலகை அடித்து ஜன்னலை மூடினார்கள்.
தூசி வருகிறதாம், வாங்குகிற பார்ட்டிக்குப் பிடிக்காதாம்.
பதினாறு எல்ஈடி. கரண்ட் பில் பாதி.
கேமராவுக்கும் நல்லது என்றான் மாட்ட வந்த பையன்,
ஸ்கிரீனில் எங்கள் நரையை எண்ணலாமாம்.
எல்லா முகமும் பிரேத வண்டிக்குள் இருப்பதுபோல
இருக்கிறது என்றாள் ரோஸ்லெட்.
சிரித்தோம். பல்லெல்லாம் நீலம்.

அந்த வெளிச்சத்தில் எல்லாப் பருப்பும் ஒரே வெள்ளை.
கருகலும் வெள்ளை. வண்டு துளைத்ததும் வெள்ளை.
நிழலே விழாத இடத்தில்
குழி இருப்பது எப்படித் தெரியும்?

மத்தியானம் இரண்டரை.
மரச்சீனியும் மீன்கறியும் உள்ளே இறங்கிய நேரம்.
தலைக்கு மேல் அவ்வளவு பளபளப்பு,
கண்ணுக்குள் மட்டும் அந்தி.
தூக்கம் என்று சொல்லிவிட முடியாது.
கை ஓடுகிறது,
யாரோ அதை ஓட்டுகிறார்கள்.
போட்ட பருப்பையே திரும்ப எடுத்து
எந்தக் கூடையென்று கூடையிடமே கேட்டேன்.

ஓணத்துக்கு முன் ஓவர்டைம், ராத்திரி ஒன்பது வரை.
வீட்டில் விளக்கணைத்துப் படுத்தால்
இமைக்குள் பதினாறு எல்ஈடி.
பக்கத்தில் கிடந்த மனுஷன் கேட்டார்:
"என்னட்டி, உறக்கம் வரல்லியா?"
வரும். இரண்டரைக்கு வரும்.
இல்லாவிட்டால் பஸ்ஸில் வரும்.
ஒரு வியாழக்கிழமை கண்ணயர்ந்து பாறசாலையில் இறங்கினேன்.
மாநிலம் மாறியது கண்டக்டருக்குத்தான் தெரிந்தது,
மிச்ச டிக்கெட்டுக்குக் காசு கேட்டார்.

ஓணம் கழிந்த வாரம்
கொல்லத்திலிருந்து நாற்பது பெட்டி திரும்பி வந்தது.
வெள்ளையில் கருகல் கலந்திருக்கிறது.
மானேஜர் ஷிபு சார் மேசை மேசையாக வந்தார்.
"பதினாறு லைட்டு இட்டிருக்கு. கண்ணு எவிடெ?"
மலையாளம் பாதி, தமிழ் பாதி,
ஏச்சு மட்டும் முழுசு.

நான் பதில் சொல்லவில்லை.
திரும்பி வந்த பெட்டியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு
வெளியே நடந்தேன், தோட்டுக் குவியலையும் தாண்டி.
வெயிலில் உள்ளங்கையை விரித்தேன்.
முப்பத்தொன்றில் நாலு
பால் சுண்டிய நிறம்.
சார் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
தன் நிழல் என் கையில் விழாதபடி
ஓரடி ஒதுங்கி நின்று பார்த்தார்.
பிறகு ஒரு கருகலை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜன்னலைத் திறக்கவில்லை.
கூரையில் இரண்டு தகட்டைக் கழற்றி
வெளிச்சம் விடும் தகடு போட்டார்கள்.
முதல் மேசைக்கு முழுதாக விழுகிறது,
இரண்டாவதுக்குப் பாதி.
மூன்றாம் மேசைக்கு எட்டவில்லை.

சந்தேகம் வந்த பருப்பை இப்போது எல்லாரும்
முதல் மேசைக்குக் கூட்டிப் போகிறோம்.
பதினாலு அடி, போக வர.
அதற்குள் தூக்கம் எங்கோ இறங்கிவிடுகிறது.
சூப்பர்வைசர் அதையும் எண்ணுகிறாள்,
எண்ணட்டும்.

மேற்கே மேகம் மூடினால்
யாரும் யாரிடமும் சொல்வதில்லை,
ஷெட்டில் இருபத்திரண்டு தலை
ஒன்றாக நிமிர்கிறது.