டிரைவர், எண்ணம் ஒன்று

வாளையார் பார்சல் ஷெட்டில்
இரவு பில் போடுவது நான்.
கோயமுத்தூர்க் கடை அனுப்பிய பட்டியலில்
பன்னிரண்டாம் வரி:
டிரைவர், எண்ணம் ஒன்று,
அறுபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.

ஷெட்டுப் பதிவேட்டில் தலைப்பெல்லாம் மலையாளம்.
அதில் எண்ணம் என்றால் உருப்படி.
ஆறு வருசமாய் எழுதியும்
எனக்கு இன்னும் நினைப்பு என்றே படிகிறது.

செங்கோடன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"ஏனுங் அம்மிணி, டிரைவரு இத்தனைக்குப் போவுதா?
எங்க ஓனருக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லுங்."

கோல்ஃப் குச்சிங்க, என்றேன்.
முதல் அடி அடிக்கிற பெரிய தலைக் குச்சி.
புதுசு இறங்கிவிட்டால் போன வருசத்தது
இருபதாயிரம் சரிந்துவிடும்,
தலையில் பெயின்ட் மட்டும்தான் வேறே என்று
கடைப்பையன் ரியாஸ் போனில் சொன்னதையும் சொன்னேன்.

பதிமூன்றாம் வரி:
ஷாஃப்ட், கூடுதல், இருபத்தேழாயிரம்.
குச்சியோடு வருகிற ஷாஃப்ட் சும்மா.
அது வேண்டாம் என்றால்தான் இந்த விலை.

இதற்குச் செங்கோடன் சிரிக்கவில்லை.
ஷாஃப்ட் அவருக்குத் தெரியும்.
போன ஆடியில் வடக்கஞ்சேரி தாண்டி
ஜாயின்ட் ஷாஃப்ட் அறுந்து ரோட்டில் உருள,
சங்ககிரிப் பழைய இரும்புக் கடையில்
பதினோராயிரத்துக்குப் பேரம் பேசி மாட்டியவர்.
"எடை எவ்வளவுங்?"
ஐம்பது.
"கிலோவுங்களா?"
கிராம்.

அறுபது கிராம் என்றால் விலை குறைவு,
நாற்பது என்றால் கேட்கவே வேண்டாம்.
இவர் வண்டியில் எடை ஏறினால் ஃபைன்.
அங்கே எடை இறங்க இறங்கப் பணம்.
பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார்.
"முருங்கைக்காக் கட்டு இதைக் காட்டிலும் கனம்."

அப்புறம் வளைவு என்று ஒன்று இருக்கிறது.
வீசுகிற வேகத்துக்குத் தக்கபடி
ஸ்டிஃப், ரெகுலர், சீனியர்.
பில்லில் இருந்தது ஸ்டிஃப்.

பத்தே காலுக்கு வாங்குகிறவரே கூப்பிட்டார்.
எர்ணாகுளத்து எலும்பு டாக்டர், குருவிளா.
கடையில் யாரும் எடுக்கவில்லையாம்,
மெசேஜில் இந்த நம்பர் இருந்ததாம்.
உள்ளே இருப்பது சீனியர்தானே என்றார், மெதுவாக.
பில்லில் வேறே போடச் சொன்னது அவர்தான்.
இப்போது ஒரு சின்ன உபகாரம்:
ஷாஃப்ட் ஓரத்தில் ஒரு எழுத்து இருக்கும்,
அதை மறைத்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல்லணும்.
"ஞாயிற்றுக்கிழமை கிளப்பில்
எல்லோரும் கையில் எடுத்து நோக்கும், மோளே."

பதினாலாம் வரி அதுதான் போல:
இதர வேலை, நாலாயிரம்.
நான் ஏதோ பசை என்று நினைத்திருந்தேன்.

மறைத்திருக்கிறது சார், என்றேன்.
பெட்டியைப் பிரிக்கவில்லை.

செங்கோடன் எதிரே நின்று
தலையைக் கோதிக்கொண்டிருந்தார்.
வியர்வையில் முடிச்சாயம்
காதோரம் ஒரு கோடு இழுத்திருந்தது.
ஓனரிடம் சொன்ன வயசு ஐம்பத்திரண்டு.
எதிரே வெளிச்சம் வந்தால்
இடது கண்ணை மூடிக்கொள்கிறார் என்று
கிளீனர் பையன் என்னிடம் சொல்லி
மூன்று மாதம் ஆகிறது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
அதற்கு எவரும் எனக்கு
நாலாயிரம் தரவில்லை.

பின்னால் போட்டால் நசுங்கும் என்று
பெட்டியை முன்சீட்டில் சாய்த்து
பெல்ட் மாட்டினார்.
தன்னுடையதை மாட்டவில்லை.

வண்டி எடைமேடையில் ஏறியது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அது வாய் திறக்காது.
தொண்ணூற்றையாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்
அந்தச் சிவப்பு எண்களில் எங்கேயும் விழவில்லை.
பீடிக்குத் தீ வாங்க அவர் இறங்கியபோது
எழுபது குறைந்தது.

திரும்பி வரட்டும் என்று
விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தேன்.
ஏறிக் கதவைச் சாத்தினார்.
சேர்த்தே அச்சடித்தேன்.